ஓர் இரவில் பதினான்கு எல்லை

களியக்காவிளையில் எங்கள் தெருவுக்கு
இரண்டு டவர்.
படந்தாலுமூட்டுப் பக்கம் இருப்பது தமிழ்நாட்டுக் கணக்கு.
இஞ்சிவிளை மேட்டில் நிற்பது கேரளக் கணக்கு.
அடுக்களையில் ஒரு மாநிலம்
முன்னறைக்கு வந்தால் இன்னொன்று.
சோறு வடிக்கையில் செய்தி வரும்:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
யாரும் படிப்பதில்லை.

பாறசாலையில் ரயிலேறி
கழக்கூட்டத்தில் இறங்குகிறேன்.
ஏழாம் மாடி. விரல் வைத்தால் திறக்கும் கதவு.
என் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே.
நாலு கோடிப் பேர் எங்கே நின்றார்கள்
யாரோடு எத்தனை வினாடி
எல்லாம் அங்கே குளிரில் கிடக்கிறது.
என்ன பேசினார்கள் என்பது வேண்டாம்,
பேசினார்கள் என்பதே விலைக்குப் போகும்.

என் வேலை திருடுவது.
அதாவது, திருட முடிகிறதா என்று பார்ப்பது.
பெயரை உரித்து, எண்ணை அரைத்து
பதினாறு எழுத்துப் பொடியாக்கித் தருவார்கள்.
விளம்பரக்காரன் கைக்குப் போகும் முன்
பொடியிலிருந்து ஆளைப் பிடிக்க வேண்டும்.
"ஒராளெ கிட்டியால் மதி" என்பார் சுரேந்திரன் நாயர்.
ஒருவர் அகப்பட்டால் எல்லாரும் அகப்பட்ட மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஒரு வரி சிவந்தது.
ஓர் இரவில் பதினான்கு முறை எல்லை தாண்டல்.
பன்னிரண்டே கால், பன்னிரண்டு இருபது,
இருபத்தாறு, முப்பத்தொன்று.
இயந்திரத்தின் ஊகம்: கடத்தல்.
"ரேஷன் அரிசியா, மண்ணா?" என்றது பக்கத்து நாற்காலி.
அரிசி கொண்டுபோனவன்
ஐந்து நிமிஷத்தில் திரும்ப மாட்டான்.
இது நடை.
அடுக்களை, முன்னறை, அடுக்களை.
தோளில் ஏதோ ஒன்று
தூங்க மாட்டேன் என்கிறது.

நான்கு புள்ளி போதும் என்பது கணக்கு.
எனக்கு மூன்றே ஆயிற்று.
தம்மாமிலிருந்து பதினொரு மணி அழைப்பு.
வியாழன்தோறும் குழித்துறை ஆஸ்பத்திரி டவரில் இரண்டு மணி நேரம்.
பிறகு எங்கள் தெரு.
விஜிலா.
மதிலுக்கு அந்தப் பக்கம்.
பத்து வாரப் பிள்ளை.

அங்கே நிறுத்தியிருக்கலாம், வேலை முடிந்திருந்தது.
விரல் இன்னும் கீழே போயிற்று.
தினமும் அதிகாலை மூன்று பத்துக்கு
எங்கள் கஸ்டமர் கேருக்கு ஓர் அழைப்பு.
ஒன்பது நிமிஷம். பதினொன்று.
ஒரு நாள் இருபத்திரண்டு.
புகார்: இல்லை.
நடவடிக்கை: இல்லை.
விழித்திருக்கிற குரல் ஒன்று
ஒன்பதை அழுத்தினால் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தரத்திற்காகப் பதிவு செய்யப்படும் என்கிறோமே,
அந்தப் பதிவும் இருந்தது.
திறக்க எனக்கு அனுமதியும் இருந்தது.
திறக்கவில்லை என்று எழுத ஆசை.
நாலு வினாடி.
"சொல்லுங்கள் மேடம்" என்ற குரலுக்குப் பின்னால்
பிள்ளையின் அழுகை.
மூடிவிட்டேன்.
யார், எப்போது, எதைத் திறந்தார் என்ற ஏட்டில்
என் பெயர் மட்டும்
உரிக்காமல் அரைக்காமல்
முழுதாக நின்றது:
ஜெபகனி ஞா.

அறிக்கை அரைப் பக்கம்.
நேரத்தை மழுக்குங்கள், நிமிஷம் வேண்டாம்.
டவர் வேண்டாம், தாலுகா போதும்.
குரல்களை இந்த அறையைவிட்டு எடுங்கள்.
அனுமதிகளை நீக்குங்கள், முதலில் என்னுடையதை.
மழுக்கியபின் ஓட்டிப் பார்த்தேன்.
எல்லையோரம். இரவு. ஒரு கைபேசி.
சிவப்பு இல்லை. நடையும் இல்லை.

சனிக்கிழமை மீன் சந்தையில் விஜிலா,
தோளில் பிள்ளை, கண்ணுக்கடியில் மை போல் இருட்டு.
பிள்ளை ராத்திரி உறங்குதா?
ஊரில் யாரும் கேட்கலாம் அதை.
நான் கேட்க முடியாது.
"சாளை என்ன வெல?" என்றேன்.
"கூடிப்போச்சு அக்கா" என்றாள்.

அன்று மூன்று பத்துக்கு எழுந்து
எங்கள் அடுக்களை விளக்கைப் போட்டேன்,
அவள் ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி.
இதுவும் கசிவுதான்.
அறிக்கையில் சேர்க்கவில்லை.